தொப்பையைக் குறைக்குமா கப்பிங்?

வயிற்றைச் சுற்றி எட்டுப் பத்துக் கிண்ணங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் தோல் பணியாரம் மாதிரி உப்பி நிற்கிறது. பத்து நிமிடம் கழித்துக் கிண்ணங்களை எடுத்ததும் இஞ்ச் டேப்பைப் போட்டு இடுப்பை அளக்கிறார்கள். 'ஒரே சிட்டிங்கில் ரெண்டு இஞ்ச்!' என்று எழுத்து ஓடுகிறது, பின்னணியில் சினிமாப் பாட்டு. எடை குறைப்பது பற்றிக் கைபேசியில் ஒருமுறை தேடியவர்களுக்கு இப்படிப்பட்ட வீடியோக்கள் தானாகவே வந்து நிற்கின்றன. கீழே 'எந்த ஊரு?', 'ரேட் எவ்வளவு?', 'எனக்கு பிசிஓடி இருக்கு, பண்ணலாமா?' என்று கேள்விகள் குவிகின்றன.

முதல் இரண்டு கேள்விகளுக்கும் உடனே பதில் வந்துவிடுகிறது. மூன்றாவதற்கு 'இன்பாக்ஸ் வாங்க' என்பதோடு முடிந்துவிடும்.

நாம் பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். கப்பிங் கொழுப்பைக் கரைக்காது. எடை குறைக்கப் பாடுபடும் சிலருக்கு அதனால் சின்னதாக ஓர் உபயோகம் உண்டு. அந்த உபயோகம் வயிற்றில் இல்லை, முதுகிலும் தொடையிலும் இருக்கிறது. அந்தச் சின்ன உபயோகத்துக்காக ரத்தத்தையும் தோலையும் எந்த அளவுக்குப் பணயம் வைக்கலாம் என்பதைத்தான் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

கூட்டம் ஏன் போகிறது?

ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு (2019-21) சொல்லும் கணக்கு இது: தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 40.4 சதவீதம் பேருக்குக் கூடுதல் எடை அல்லது உடல் பருமன். ஆண்களில் 37 சதவீதம். அதற்கு முந்தைய ஆய்வில் இவை முறையே 30.9, 28.2 என்று இருந்தன. ஒரு ஆய்வுக்கும் அடுத்த ஆய்வுக்கும் நடுவே கிட்டத்தட்ட பத்துப் புள்ளி ஏற்றம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நாடு முழுக்க நடத்தி 2023-ல் வெளியிட்ட ஆய்வில், வயிற்றுப் பருமன் மட்டும் 39.5 சதவீதம் பேருக்கு. நம் ஊர் உடம்புக்குக் கை கால் ஒல்லியாக இருக்கும்போதே வயிறு முன்னால் வந்துவிடுகிறது. அதனால்தான் இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டினாலே கவனிக்க வேண்டும் என்று இந்தியர்களுக்குத் தனி வரம்பு வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவு பேருக்குப் பிரச்சினை இருக்கும்போது சந்தை சும்மா இருக்குமா? வாரம் ஒரு ஊசி போட்டு எடை குறைக்கும் மவுஞ்சாரோ 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தது. எல்லோராலும் அந்தச் செலவைத் தாங்க முடியாது. ஜிம்முக்குப் போனால் மூட்டு வலி. டயட் இருந்தால் மூன்றாம் நாளே வீட்டில் பிரியாணி. படுத்துக்கொண்டே எடை குறையும் என்று யாராவது சொன்னால் மனசு அந்தப் பக்கம் சாய்வதில் ஆச்சரியம் இல்லை.

பழைய வைத்தியம், புதிய விளம்பரம்

கிண்ணம் வைத்து உறிஞ்சுவது மிகப் பழைய முறை. சுமார் 3,500 ஆண்டுகளுக்கு முந்தைய எகிப்தின் ஏபர்ஸ் பாப்பிரஸில் இதற்குக் குறிப்பு இருப்பதாகச் சொல்கிறார்கள். சுஸ்ருதர் மாட்டுக் கொம்பையும் சுரைக்குடுக்கையையும் அட்டையையும் கொண்டு ரத்தம் எடுப்பதை விவரித்திருக்கிறார். சித்த மருத்துவத்தின் 32 புற மருத்துவ முறைகளில் உறிஞ்சல், குருதி வாங்கல், அட்டை விடல் மூன்றும் இருக்கின்றன. சீனாவில் மூங்கில் குழாய். அரபு நாடுகள் வழியாக வந்த யுனானியில் ஹிஜாமா. தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் பலருக்கு ஹிஜாமா நபிவழியாக வந்த பழக்கம், மரியாதைக்குரிய ஒன்று. மலேசியாவில் அதையே பெகாம் என்கிறார்கள்.

இரண்டு வகை உண்டு. கிண்ணத்தை வைத்து காற்றை மட்டும் உறிஞ்சி விட்டுவிடுவது உலர் கப்பிங். தோலில் பிளேடால் மெல்லிய கீறல்கள் போட்டு, அதன்மேல் கிண்ணம் வைத்து ரத்தம் எடுப்பது ஈரக் கப்பிங். எண்ணெய் தடவிக் கிண்ணத்தை வயிற்றிலும் தொடையிலும் இழுத்து இழுத்து நகர்த்துவது இன்னொன்று. அழகு நிலையங்களில் 'ஃபேட் பர்னிங்' என்ற பெயரில் நடப்பது பெரும்பாலும் இதுதான்.

ஒன்றைக் கவனியுங்கள். உடல் பருமனை யுனானி வைத்தியர்கள் பல்கம், அதாவது கபம், மிகுந்த நிலையாகப் பார்க்கிறார்கள். அதற்கு அவர்கள் முதலில் கை வைப்பது உணவில். அடுத்து, இலாஜ் பித் தத்பீர் என்ற பிரிவின் கீழ் உடற்பயிற்சி, உடம்பு பிடித்துவிடுதல், வெந்நீர்க் குளியல் எல்லாம் வரும். ஹிஜாமாவும் அந்த வரிசையில் ஒன்று. வரிசையிலிருந்து ஒன்றை மட்டும் உருவியெடுத்து 'பேக்கேஜ்' போட்டு விற்பது பழைய வைத்தியர்கள் செய்ததல்ல. பாரம்பரியத்தைச் சாட்சிக்கு அழைக்கிறவர்கள் அந்தப் பாரம்பரியம் சொன்ன உணவுக் கட்டுப்பாட்டையும் சேர்த்தே அழைக்க வேண்டும்.

கிண்ணத்துக்குள் என்ன நடக்கிறது?

உள்ளே காற்றழுத்தம் குறைந்ததும் தோலும் அதன் கீழே உள்ள கொழுப்புத் திசுவும் மேலே எழும்புகின்றன. அந்த இடத்துக்கு ரத்தம் அதிகமாக வருகிறது. மயிரிழை போன்ற தந்துகிகள் சில உடைந்து ரத்தம் தோலுக்கடியில் கசிகிறது. அந்தக் கருஞ்சிவப்பு வட்டம் வேறொன்றுமில்லை, ரத்தக்கட்டு. கதவில் இடித்துக்கொண்டால் வருவதும் அதுதான். 'நச்சு நீர் வெளியே வந்த அடையாளம்', 'நிறம் எவ்வளவு கருப்போ அவ்வளவு கழிவு' என்றெல்லாம் சொல்வதற்கு அடிப்படை இல்லை. உறிஞ்சிய வேகம், நேரம், தோலின் தன்மை இவற்றைப் பொறுத்துத்தான் நிறம் கூடும், குறையும்.

ஈரக் கப்பிங்கில் கிண்ணத்துக்குள் கருப்பாக, கெட்டியாக ஜெல்லி மாதிரி ஏதோ வரும். அதைப் பார்த்துப் பலர் மிரண்டு போய், 'எவ்வளவு கெட்ட ரத்தம் பாருங்க' என்கிறார்கள். சிரை ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவு, அதனால் நிறம் அடர்த்தியாக இருக்கும். வெளியே வந்த ரத்தம் சில நிமிடங்களில் உறையும். யாருடைய உடம்பில் கீறி இப்படி எடுத்தாலும் இதே ஜெல்லிதான் வரும். உடம்பின் கழிவை வெளியேற்றக் கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கின்றன. அவை பழுதானால் கிண்ணம் வைத்துச் சரிசெய்ய முடியாது.

சரி, கொழுப்பு எங்கே போகிறது? இந்தக் கேள்விக்குத் தெளிவான கணக்கு உண்டு. கொழுப்பு செல்லுக்குள் இருக்கும் டிரைகிளிசரைடு, உடம்புக்கு எரிபொருள் குறையும்போது உடைந்து கொழுப்பு அமிலமாக ரத்தத்தில் கலக்கிறது. தசையும் மற்ற உறுப்புகளும் அதை எரித்துக் கரியமில வாயுவாகவும் நீராகவும் மாற்றுகின்றன. ஆஸ்திரேலியாவின் ரூபன் மீர்மன், ஆண்ட்ரூ பிரவுன் இருவரும் 2014-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதிய கணக்குப்படி, 10 கிலோ கொழுப்பு முழுதாக எரிந்தால் 8.4 கிலோ மூச்சுக்காற்று வழியாகப் போகிறது. மீதி 1.6 கிலோ நீராக வெளியேறுகிறது. தொப்பை மூக்கு வழியாகப் போகிறது என்று சொன்னால் வேடிக்கையாக இருக்கும், ஆனால் உண்மை அதுதான். தோலைக் கீறி எடுக்கும் வழி அந்தக் கணக்கில் எங்குமே இல்லை.

ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. படுத்துக் கிடப்பவர் வயிற்றில் அரை மணி நேரம் கிண்ணம் இருந்தால், படுத்துக் கிடக்கச் செலவாகும் கலோரிதான் செலவாகும். உறிஞ்சும் இடத்தில் மட்டும் கொழுப்பு குறையும் என்பதும் நடக்காது. உடம்பு எங்கிருந்து கொழுப்பை எடுக்க வேண்டும் என்பதை ஹார்மோன்களும் மரபும் முடிவு செய்கின்றன. வயிற்றுக்குள் குடலைச் சுற்றிப் படிந்திருக்கும் ஆபத்தான கொழுப்பு தசைச் சுவருக்கும் உள்ளே இருக்கிறது. கிண்ணத்தின் இழுப்பு அதைத் தொடுவதே இல்லை.

ஆனா எனக்குக் குறைஞ்சுதே!

குறைந்திருக்கும், பொய் சொல்லவில்லை. இந்த பேக்கேஜ்களோடு கூடவே ஒரு தாள் கொடுப்பார்கள். சர்க்கரை கிடையாது, மைதா கிடையாது, ராத்திரி ஏழு மணிக்குள் சாப்பாடு, தினம் முக்கால் மணி நேரம் நடை. தாளில் இருப்பதைச் செய்தால் கிண்ணம் இல்லாமலே எடை குறையும். நாலு வேளை காபியில் இரண்டு ஸ்பூன் சர்க்கரையை நிறுத்தினால் தினம் சுமார் 160 கலோரி மிச்சம். சமையலில் ஆளுக்கு ஒரு மேசைக்கரண்டி எண்ணெயைக் குறைத்தால் இன்னொரு 120. பணம் வாங்கியது கிண்ணம், வேலை செய்தது தாள்.

முதல் வாரத்தில் விறுவிறுவென்று இறங்குவதற்கு வேறு காரணமும் உண்டு. மாவுச்சத்தைக் குறைத்ததும் ஈரலிலும் தசையிலும் சேமித்து வைத்த கிளைக்கோஜன் செலவாகிறது. அதன் ஒவ்வொரு கிராமோடும் சுமார் மூன்று கிராம் நீர் ஒட்டிக்கொண்டிருக்கும், அதுவும் சேர்ந்து வெளியேறும். தராசு முள் நகர்ந்தாலும் கொழுப்பு பெரிதாக நகர்ந்திருக்காது. இஞ்ச் டேப் விஷயம் இன்னும் எளிது: மூச்சை விட்ட நிலையில், ஒரு விரற்கடை கீழே, கொஞ்சம் இறுக்கிப் பிடித்து அளந்தால் யாருக்கும் இரண்டு இஞ்ச் குறையும்.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்கு: கப்பிங் பற்றி ஆய்வுகளே இல்லை என்பது சரியல்ல. 1992 முதல் 2010 வரை வெளியான 135 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கட்டுரை ஒன்று 2012-ல் பிளாஸ் ஒன் இதழில் வந்தது. அக்கி, முகவாதம், முகப்பரு, கழுத்துத் தேய்மானம் போன்றவற்றில் மற்ற சிகிச்சைகளோடு சேர்த்துச் செய்தபோது பலன் தெரிவதாக அது சொன்னது. பெரும்பாலான ஆய்வுகள் பிசகுக்கு இடம் கொடுக்கும் விதத்தில் நடத்தப்பட்டவை என்றும் சேர்த்தே சொன்னது. ஜெர்மனியில் 141 நோயாளிகளை வைத்து நடந்து 2016-ல் வெளியான ஆய்வு இன்னும் சுவாரசியமானது. உடம்பு முழுக்க வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியா நோயாளிகளில் சிலருக்கு உண்மையான கப்பிங், சிலருக்கு உறிஞ்சும் விசையே சரியாக இல்லாத போலிக் கப்பிங். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிடக் கப்பிங் பெற்றவர்களுக்கு வலி குறைந்தது. ஆனால் போலிக் கிண்ணத்தைவிட உண்மைக் கிண்ணம் மேலானதாகத் தெரியவில்லை. உடல் பருமனைப் பொறுத்தவரை நிலைமை இதைவிட மோசம். கப்பிங்கோடு அக்குபங்சர், உணவுக் கட்டுப்பாடு என்று பலவற்றையும் கலந்து செய்த சிறிய ஆய்வுகளிலிருந்து எது வேலை செய்தது என்று பிரித்தெடுக்க முடியாது.

எங்கே உதவலாம்?

2016 ரியோ ஒலிம்பிக்கில் நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸ் தோளில் ஊதா வட்டங்களோடு நீச்சல் குளத்தில் இறங்கியதை உலகமே பார்த்தது. அவர் எடை குறைக்க அதைச் செய்துகொள்ளவில்லை. பயிற்சியில் இறுகிப்போன தசைக்காகச் செய்துகொண்டார்.

எடை குறைக்க நினைப்பவருக்கும் கப்பிங்கில் உபயோகம் இருந்தால் அது இந்த வழியில்தான். நாற்பது வயதுக்கு மேல் திடீரென்று நடக்க ஆரம்பிக்கிறவருக்கு இரண்டாம் வாரம் கெண்டைக்கால் இறுகும், இடுப்பு பிடித்துக்கொள்ளும். 'வலி போகட்டும், அப்புறம் நடக்கலாம்' என்று நிறுத்துவார். நிறுத்தியது நிறுத்தியதாகவே போய்விடும். அப்படிப்பட்டவருக்கு முதுகிலோ தொடையிலோ உலர் கப்பிங் செய்து வலி கொஞ்சம் தணிந்து, மறுநாள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்ப முடிந்தால் நல்லதுதான். பலன் மனம் நம்பியதால் வந்ததா, தசை தளர்ந்ததால் வந்ததா என்ற விவாதத்தை ஆராய்ச்சியாளர்களுக்கு விட்டுவிடலாம். சுடுநீர் ஒத்தடமும் பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும் நான்கு நீட்சிப் பயிற்சிகளும் இதே வேலையைக் குறைந்த செலவில் செய்யும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஒருவருக்குக் கிண்ணம் பிடித்திருக்கிறது, பாதுகாப்பாகச் செய்யும் ஆள் கிடைத்திருக்கிறார் என்றால் தடுக்க என்ன இருக்கிறது?

ஈரக் கப்பிங்கை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. அங்கே பேச வேண்டியது வேறு.

ரத்தம் சும்மா வருவதில்லை

மேலே சொன்ன அதே தேசியக் குடும்ப நல ஆய்வில் இன்னோர் எண் இருக்கிறது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதாவது பெண்கள் இரண்டு பேரில் ஒருவருக்கு ஏற்கெனவே ரத்தம் போதவில்லை. குண்டாக இருப்பவருக்கு ரத்தம் நிறைய இருக்கும் என்பது வெறும் நினைப்பு. பருமனும் ரத்தசோகையும் ஒரே உடம்பில் சேர்ந்து இருப்பது நம் ஊரில் சர்வ சாதாரணம்.

ரத்த தானம் செய்யப் போனால் என்ன செய்கிறார்கள்? விரலில் குத்தி ஹீமோகுளோபின் பார்க்கிறார்கள். 12.5-க்குக் கீழே இருந்தால் டீ கொடுத்து அனுப்பிவிடுவார்கள். எடை 45 கிலோவுக்குக் கீழே என்றால் எடுக்க மாட்டார்கள். ஆண் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண் நான்கு மாதத்துக்கு ஒருமுறைதான் கொடுக்கலாம். இன்னொரு உயிரைக் காப்பாற்ற எடுக்கும் ரத்தத்துக்கே இவ்வளவு கட்டுப்பாடு. தொப்பை குறைக்க என்று மாதாமாதம் கீறி எடுக்கும் இடங்களில் எத்தனை இடத்தில் விரலில் குத்திப் பார்க்கிறார்கள்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஹீமோகுளோபின் 12 உள்ள பெண்ணிடமிருந்து 100 மில்லி ரத்தம் போனால் அதோடு சுமார் 40 மில்லிகிராம் இரும்புச்சத்து போகிறது. குடல் ஒரு நாளைக்கு உறிஞ்சிக்கொள்வது ஒன்றிரண்டு மில்லிகிராம், அதிலும் பெரும்பகுதி அன்றாட இழப்பை ஈடுகட்டவே சரியாக இருக்கும். போனது திரும்பி வர ஒரு மாதம் போதாது. அதற்குள் மாதவிடாய் வரும். கூடவே டயட் என்ற பெயரில் சாப்பாடும் குறைந்திருக்கும். அடுத்த மாதம் அடுத்த 'சிட்டிங்'. திரும்பத் திரும்ப ஈரக் கப்பிங் செய்துகொண்டு கடும் ரத்தசோகையில் போய் நின்றவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன. ரத்தம் குறைந்தால் மாடிப்படி ஏறும்போதே மூச்சு வாங்கும், நடக்கப் பிடிக்காது, சோர்வுக்கு இனிப்பு தேடும். எடை குறைக்கப் போனவர் எடை கூடி வருவதற்கு இதைவிட நேரான வழி இல்லை.

தராசில் பார்த்தாலும், 100 மில்லி ரத்தத்தின் எடை சுமார் 106 கிராம். இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தால் அதைவிட அதிகம் ஏறிவிடும்.

அடுத்தது தொற்று. ஜார்ஜ் ஆர்வெல் 1929-ல் நிமோனியாவோடு பாரிஸ் பொது மருத்துவமனை ஒன்றில் கிடந்தார். அங்கே தனக்குக் கப்பிங் செய்யப்பட்டதைப் பின்னாளில் ஒரு கட்டுரையில் விவரித்திருக்கிறார். எதிர்க் கட்டிலில் கிடந்தவருக்கு வைத்த அதே கண்ணாடிக் கிண்ணங்களை, எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல், ஒரு வார்த்தை கேட்காமல் இவருக்கும் வைத்திருக்கிறார்கள். அவர் முனகியதை யாரும் காதில் வாங்கவில்லை. அன்றைக்கு ஹெபடைட்டிஸ் பி, சி, எச்.ஐ.வி. எதுவும் உலகுக்குத் தெரியாது. இன்றைக்குத் தெரியும். ரத்தம் பட்ட கிண்ணத்தைக் கழுவித் துடைத்து அடுத்தவருக்கு வைப்பது ஊசியை மாற்றாமல் போடுவதற்குச் சமம். வெந்நீரில் கழுவினோம், டெட்டால் போட்டோம் என்பதெல்லாம் பதில் ஆகாது. ஈரக் கப்பிங்கில் கிண்ணமும் பிளேடும் ஒருவருக்கு ஒருமுறைதான்.

ஒரு சின்ன சோதனை சொல்கிறேன். அந்த அறையில் குப்பை எங்கே போகிறது என்று பாருங்கள். 2016-ன் உயிரிமருத்துவக் கழிவு விதிகளின்படி ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள் பையிலும், ரத்தம் பட்ட பிளாஸ்டிக் சிவப்புப் பையிலும், பிளேடு போன்ற கூரான பொருட்கள் குத்தினால் ஓட்டை விழாத வெள்ளை டப்பாவிலும் போக வேண்டும். எல்லாமே ஒரே வாளியில் விழுகிறது என்றால், சுவரில் எத்தனை சான்றிதழ் தொங்கினாலும் நீங்கள் சட்டையைப் போட்டுக்கொள்ளலாம்.

யாருக்கு வேண்டவே வேண்டாம்?

ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமைக்கான மாத்திரை சாப்பிடுபவர்கள், ரத்தம் உறைவதில் பிறவிக் குறைபாடு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், ரத்தசோகை உள்ளவர்கள் ஈரக் கப்பிங் பக்கமே போகக் கூடாது. இதற்காக மாத்திரையைத் தாமாக நிறுத்துவது அதைவிடப் பெரிய தவறு; இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் இரண்டு நாள் மாத்திரையை விட்டாலும் உயிருக்கு வினையாகலாம். சுருண்ட நரம்பு (வெரிகோஸ் வெயின்), காலில் ரத்தக் கட்டி, தோல் புண், குடலிறக்கம் உள்ள இடத்தில் உலர் கப்பிங்கும் வேண்டாம். சிசேரியன் தையலின் மேலும் கூடாது. கழுத்தின் முன்பக்கத்தில் யார் சொன்னாலும் வைக்க விடாதீர்கள். தலையில் வைத்ததில் மண்டையோட்டுக்குள் ரத்தம் கசிந்த அரிதான சம்பவங்களும் பதிவாகியிருக்கின்றன.

சோரியாசிஸ் உள்ளவருக்குத் தோலில் காயம் படும் இடத்திலெல்லாம் புதிதாகச் சோரியாசிஸ் வரலாம். நம் நிறத்துத் தோலுக்கு இன்னொரு தொல்லை உண்டு. சிறு கீறலும் சிலருக்குக் கெலாய்டு என்ற தடித்த தழும்பாக வளரும். காது குத்திய இடம் தடித்து உருண்டவர்கள், தடுப்பூசித் தழும்பு புடைத்தவர்கள் முதுகில் முப்பது கீறல் போட்டுக்கொள்ள யோசிக்க வேண்டும். உலர் கப்பிங்கின் வட்டமே மறைய ஒன்றிரண்டு வாரம் ஆகும், சிலருக்குக் கருமை மாதக் கணக்கில் நிற்கும். கல்யாணத்துக்கு எடை குறைக்கிறேன் என்று பத்து நாள் முன்னால் கிண்ணம் வைத்துக்கொண்ட மணப்பெண்களின் முதுகை ஜாக்கெட்டும் மேக்கப்பும் எவ்வளவு தூரம் மறைக்கும்?

சர்க்கரை நோயாளிகளுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. வெறும் வயிற்றோடு வரச் சொல்லும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. கிளிமிபிரைடு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு சாப்பிடாமல் போய் உட்கார்ந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கும். கூடவே ரத்தத்தைப் பார்த்த பயத்தில் சிலருக்கு நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் சரிந்து மயக்கம் வரும். இரண்டும் சேர்ந்தால் ஆளைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான். காலில் உணர்ச்சி குறைந்த சர்க்கரை நோயாளிக்கு நெருப்புக் கப்பிங் செய்தால் சுட்டதுகூடத் தெரியாது. நெருப்பு வைத்துக் காற்றை வெளியேற்றும் முறையே இன்று தேவையில்லை, கைப்பம்பு இருக்கிறது.

உலர் கப்பிங் செய்துகொள்வதென்றால் ஐந்து முதல் பத்து நிமிடம் போதும். கொப்புளம் வந்தால் 'நீர் வெளியேறுகிறது' என்று மகிழ வேண்டாம், நேரமோ இழுப்போ அதிகமாகிவிட்டது. பழைய வட்டம் மறையாமல் அதே இடத்தில் மறுபடி வைக்கக் கூடாது. இணையத்தில் வாங்கிய பன்னிரண்டு கப் செட்டை வைத்துக்கொண்டு மனைவி கணவனுக்கும் கணவன் மனைவிக்கும் செய்துகொள்வதில் உலர் கப்பிங்கோடு நிற்கும்வரை பெரிய கேடில்லை. யாராவது பிளேடைக் கையில் எடுத்தால் அங்கேயே நிறுத்துங்கள். செய்த இடம் சிவந்து பரவினாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ செய்தவரிடம் போகாமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

யாரிடம் போவது?

யுனானிக்கு பி.யூ.எம்.எஸ்., சித்தாவுக்கு பி.எஸ்.எம்.எஸ்., இயற்கை மருத்துவத்துக்கு பி.என்.ஒய்.எஸ். என்று முறையான ஐந்தரை ஆண்டுப் படிப்புகள் இருக்கின்றன. சென்னை அரும்பாக்கத்தில் அரசு யுனானி மருத்துவக் கல்லூரி, ராயபுரத்தில் மத்திய அரசின் யுனானி ஆராய்ச்சி நிலையம், தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் என்று அரசு நிறுவனங்களும் உண்டு. வார இறுதிப் பயிற்சி முடித்துச் சட்டம் போட்ட சான்றிதழோடு கிண்ணம் வைப்பவரும், பதிவு எண் உள்ள மருத்துவரும் ஒன்றல்ல. தமிழ்நாட்டில் சிகிச்சை தரும் எந்த இடமும் 1997-ம் ஆண்டின் மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தின்படி பதிவு செய்திருக்க வேண்டும். மாயத் தீர்வு விளம்பரங்களைத் தடுக்கும் 1954-ம் ஆண்டுச் சட்டத்தின் நோய்ப் பட்டியலில் உடல் பருமனும் இருக்கிறது. குணமாக்குகிறோம் என்று உத்தரவாதம் கொடுத்து விளம்பரம் செய்பவரைச் சந்தேகத்தோடு பார்க்க இதுவே போதுமான காரணம்.

நல்ல மருத்துவர் கிண்ணத்தை எடுப்பதற்கு முன் கேள்வி கேட்பார். எடை எப்போதிலிருந்து ஏறியது? தைராய்டு பார்த்தீர்களா? மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா? ஸ்டீராய்டு, மனநோய் மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா? எடை ஏறுவதற்குப் பின்னால் இப்படி ஒரு காரணம் ஒளிந்திருந்தால், கிண்ணத்தில் போகும் ஒவ்வொரு மாதமும் அந்தக் காரணம் கவனிக்கப்படாத மாதம். பிசிஓடி உள்ள பெண்களுக்கு உடல் எடையில் ஐந்து சதவீதம் குறைந்தாலே மாதவிடாய் சீராக வாய்ப்பு உண்டு. 80 கிலோ இருப்பவருக்கு அது நான்கு கிலோ. வாரத்துக்கு அரை கிலோ வீதம் இரண்டு மாதத்தில் எட்டிவிடக்கூடிய இலக்கு அது. தட்டில் சோறு பாதியாகி, காயும் பருப்பும் முட்டையும் கூடி, வாரம் 150 நிமிடம் வேர்க்க நடந்தால் போதும். இதை யாரும் ரீல்ஸ் போட மாட்டார்கள், பார்க்கச் சலிப்பாக இருக்கும்.

அதற்குப் பிறகும் போகத்தான் போகிறேன் என்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். போவதற்கு முந்தின நாள் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபினும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளுங்கள், அங்கே இது இலவசம். சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலை எழுதிக் கையில் எடுத்துப் போங்கள். உங்கள் கண் முன்னால் புதுக் கிண்ணமும் புதுப் பிளேடும் உறை பிரிக்கப்பட வேண்டும் என்று கேளுங்கள். அந்த மாத்திரைப் பட்டியலைப் படிக்காமலே 'படுங்க' என்று சொன்னால், எழுந்து வந்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் அரசின் 104 மருத்துவ உதவி எண்ணில் கேட்கலாம், புகார் இருந்தால் உங்கள் மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் கொடுக்கலாம்.